வால்வு செட்டுக்கு ஒரு ஹெட்போன்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்ததும் பாண்டிச்செல்வி வாங்கிவிட்டாள். மேலே கண்ணாடிக் குழல்கள், பின்னால் ஸ்பீக்கர் வயரை முடுக்க இரண்டு திருகுகள். சுவிட்சைப் போட்டால் குழல்கள் மெல்லச் சிவந்து சூடேறும். செல்போனில் இருக்கிற பாட்டு அதன் வழியாக வரும்போது ஆளே எதிரில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் நின்று ஷிஃப்ட் முழுக்க பீப் சத்தம் கேட்ட காதுக்கு அது வேண்டியிருந்தது.

இடைஞ்சல் ஒன்றுதான். அவள் புருஷன் அருள்பாண்டிக்கு ஒரகடத்தில் ஒரு ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட். வடக்குப்பட்டில் அவர்கள் இருந்த மாடி வீட்டில் அறையோ ஒன்று. அவள் காலை ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் அவன் போர்வைக்குள் இருப்பான். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாள். ஒருநாள் அவன் எழுந்து உட்கார்ந்து, "செல்வி, லைன்ல நின்னுக்கிட்டே தூங்குதேன். சூப்பர்வைசர் ஏசுதாரு" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றோடு அவள் ஆம்ப்ளிஃபயர்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஜெயம் கேட்டாள்: "இன்னாம்மா, உன் பாட்டையே காணோம்? செட்டு ரிப்பேரா?"

"இல்லக்கா. அவுக தூங்கணும்லா."

"அதுவும் சரிதான். ராவெல்லாம் முழிச்சிகினு கீது, பாவம்."

இந்தப் பேச்சு மாடிப்படி வழியே அருள்பாண்டி காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் தூங்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கரைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். அந்தத் திருகுகளில் வேறு இரண்டு வயர்கள். வயரின் முனையில் ஒரு சாக்கெட். சாக்கெட்டில் புத்தம்புதிய ஹெட்போன். அதைக் காதிலும் மாட்டிக்கொண்டு சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

பாண்டிச்செல்வி பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்ன புள்ள? ஒனக்குத்தான் வாங்கியாந்தேன். கடைக்காரன்கிட்டச் சொல்லி வயரும் வச்சுட்டேன்." அவன் முகம் விழுந்துபோயிற்று.

அவள் மூச்சு வாங்க அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுக்குள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. அதுக்கு வெளிய எப்பவும் ஒரு லோடு இருக்கணும். அதாம் ஸ்பீக்கரு. அதக் கழட்டிட்டுப் பாட்டு விட்டா, போக வழியில்லாம உள்ளயே வோல்டேஜ் ஏறி டிரான்ஸ்ஃபார்மர் போயிரும்."

"அதான் ஹெட்போன் மாட்டியிருக்குல்லா?"

"இது எம்மாத்திரம்? அதுக்கு இது இருக்கதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. ஸ்பீக்கருக்குப் போற பவர் நேரா இதுல வந்தா இதுவும் கருகும், ஒங்க காதும் போயிரும்."

அருள்பாண்டி ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான். "அப்ப வேஸ்டா?"

"யாரு சொன்னா? ஞாயித்துக்கெழம பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் போய், குன்றத்தூர் மலையில் முருகனைப் பார்த்துவிட்டு, கீழே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ரெசிஸ்டர்கள் வாங்கிவந்தார்கள். வெள்ளையாய்ப் பெரிதாக இருந்தது எட்டு ஓம், இருபது வாட். அதை அவள் ஸ்பீக்கர் இருந்த இரண்டு திருகுகளுக்கும் குறுக்கே முடுக்கினாள். இனி டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் லோடு. சாக்கெட்டுக்குப் போகும் ஒரு வயரை நடுவில் வெட்டி, சின்ன ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தாள். அது இருநூற்று இருபது ஓம். பவரைக் குறைத்துக் கொஞ்சமாக மட்டும் காதுக்கு விடும். அருள்பாண்டி வயரைப் பிடித்துக்கொண்டான்.

"இம்புட்டுப் பாடு எதுக்கு? போன்லயே மாட்டிக் கேக்கலாம்லா?"

"போன்ல கேட்டா பாட்டு கேக்கும். இதுல பாடுதவுக மூச்சு எடுக்கதும் கேக்கும்."

வால்யூமை அடியில் வைத்துச் சுவிட்சைப் போட்டாள். மீட்டரை சாக்கெட்டில் வைத்துப் பார்த்தாள். ஹெட்போனைக் கெடுக்கிற டிசி கரண்ட் எதுவும் வரவில்லை. முதலில் ஒரு பழைய இயர்போனைச் சொருகி, காதில் வைக்காமல் கையில் பிடித்தபடி வால்யூமைக் கூட்டினாள். கொசு பாடுவதுபோல் ஒரு பாட்டு வந்தது. கருகல் வாடை இல்லை. அதன் பிறகுதான் புது ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் கண் மூடியதையும், உதடு தானாக விரிந்ததையும் அருள்பாண்டி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நல்லாருக்கா?" என்று கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் தூங்க, அவள் குக்கரில் பருப்பைப் போட்டுவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் போனதோ, யாரோ தோளைத் தொட்டார்கள். அருள்பாண்டி கலைந்த தலையோடு நின்றான். அறை முழுக்கத் தீய்ந்த வாடை.

"பத்து விசிலுக்கு மேல ஆச்சு. அடுப்ப அணைச்சுட்டேன். பாட்டுக்கு எந்திரிச்ச காலம் போயி இப்பக் குக்கருக்கு எந்திரிக்கேன்" என்றான்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது அவன்தான். பிறகு இருவராலும் அடக்க முடியவில்லை. தூக்கம் கலைந்தவன் மறுபடி படுக்கவில்லை. "குடு, அந்த மூச்ச நானும் கேக்கேன்" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டான்.

அவள் குக்கரைத் தேய்த்துக்கொண்டே, "தக்காளி ரசம் வைக்கட்டா, தயிர் போதுமா?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். தயிரே போதும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.