ஈர மை

பொழுது புலருமுன்பே அச்சுக் கொட்டகைக்குள் மை வாடை தொண்டையைப் பிடித்தது. பெரியவள் ஒரு கைகொள்ளும் அளவுக்குத் தாள்களை அள்ளி வளைத்தாள், விசிறினாள், இடையில் காற்றுப் புகவிட்டாள். பிறகு மேசையில் தட்டினாள். முதலில் நீளவாக்கில், அப்புறம் பக்கவாட்டில். இரண்டு ஓரமும் சுவர் போல நேராக நின்றால்தான் டை எனும் வெட்டு மெஷினின் கத்தி அச்சிட்ட கோட்டில் கல்யாண உறையை வெட்டும். மயிரிழை பிசகினாலும் பொன்னிறக் கரை அறுபட்டுவிடும். தாள் விளிம்பு கீறிக் கீறி அவள் விரல் நுனிகளில் ரேகையே மிஞ்சவில்லை.

இத்தனை காலமும் அவள் அடுக்கிக் கொடுக்க, மெஷினில் வைத்து எடுத்தவள் சின்னவள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். வீட்டில் எலியும் பூனையும்தான். இந்த மேசையில் மட்டும் ஒருத்தி கை நீட்டுமுன் மற்றவள் கை கொடுத்துவிடும். போன வாரம் அந்த மெஷின் சின்னவளின் வலது கை விரல்களை வாங்கிக்கொண்டது.

அன்று வந்த தாள்களில் மை காயவில்லை. ஒன்றோடொன்று அப்பிக்கொண்டிருந்தன.

"ஒரு நாள் காயட்டும் முதலாளி" என்று பெரியவள் சொல்லிப் பார்த்தாள்.

"கல்யாணக் கவரு. கல்யாணம் காத்துக்கிட்டு இருக்குமா? பிரிச்சுக் குடு" என்றார் அவர்.

பிரித்துக் கொடுத்தாள். ஆனாலும் இரண்டு தாள் சேர்ந்து போனது. மேல் தாளை உருவச் சின்னவள் கையை விட்டாள். கை நுழையாதபடி மெஷினில் இருந்த தடுப்புக் கம்பியை, வேலை தாமதமாகிறது என்று முதலாளி எப்போதோ கழற்றச் சொல்லியிருந்தார்.

இன்றைக்கு வந்த கட்டும் பிசுபிசுத்தது. முதலாளி மேசைக்கு வந்து நின்றார்.

"நாளைக்கு லேபர் ஆபீசரு விசாரிக்க வர்றாரு. நீ ஒழுங்கா தட்டிக் குடுக்கல, அதான் இப்படி ஆச்சுன்னு சொல்லிடு. உன்ன நான் கைவிட மாட்டேன்."

"நான் தட்டினது நேராத்தான் இருந்துச்சு."

"அப்ப ரெண்டு தாளு ஏம்மா ஒட்டிப் போச்சு?"

படுத்தால் தூக்கம் வராமல் அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

அச்சு மெஷின் நின்றது. அச்சுக்காரர் கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று எல்லோரும் கேலி செய்யும் மனிதர்.

"ஈரத்தோட அனுப்பினது நான். நீங்க சொல்லித்தான் அனுப்பினேன்."

"கம்பியக் கழட்டினது நான்" என்றான் மெக்கானிக். "அதுவும் நீங்க சொல்லித்தான்."

பசை ஒட்டும் பெண்கள் எழுந்து வந்தார்கள். "நாங்க பாத்துக்கிட்டு சும்மா இருந்தோம். அதையும் சொல்லுவோம்" என்றாள் ஒருத்தி.

"ஓகோ, கூடிப் பேசி வச்சுட்டீங்களா? இந்த வேலைக்கு வாசல்ல ஆளு வரிசையா நிக்குது."

"நிக்கட்டும் முதலாளி. அவங்களுக்கும் கையிருக்கு" என்றாள் பெரியவள். தாள்களைக் கீழே வைத்தாள். "கம்பிய மாட்டுங்க. காயாத தாள மேசைக்குக் கொண்டு வராதீங்க. அவளுக்கு ஒரு வழி சொல்லுங்க. அப்புறம் தட்டுறேன்."

அவர் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தினார். அவர்கள் வாசலிலேயே சுவரோரமாக உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியதும் ஒருவன் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனான். அவன் வீட்டுக் கஷ்டத்தை அறிந்தவர்கள் காலை மடக்கி அவனுக்கு வழி விட்டார்கள்.

சாயங்காலம் நடந்ததையெல்லாம் சின்னவளிடம் சொன்னாள் பெரியவள். கடைசியில், "மை காயலன்னு தெரிஞ்சேதான் பிரிச்சுக் குடுத்தேன்" என்றாள்.

சின்னவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் தெரியாதாக்கா? தெரிஞ்சேதான் நானும் வச்சேன். மாட்டேன்னு சொல்ல அன்னைக்கு நமக்கு வாய் வரல."

இருவரும் அழுதார்கள். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கும் வாசல்ல உக்காருவீங்களா?"

"உக்காருவோம். எத்தன பேரு வருவாங்கன்னு தெரியல."

"அப்ப எனக்குத் தலை பின்னி விடுக்கா. ஒத்தக் கையால முடியல. நானும் வரேன்."

பெரியவள் விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. சீப்பை எடுத்து வந்து அவள் பின்னால் உட்கார்ந்து, வலிக்காமல் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.