பதினோரு தூண்கள்

சென்னையிலிருந்து கவர் வந்தது ஒரு புதன்கிழமை. மலைக்குத் தபால் வாரத்துக்கு ஒரு முறைதான். முகாம் அதிகாரி சக்கரவர்த்தி கூடாரத்து வாசலில் நின்றபடியே கவரைக் கிழித்தார். தாளை ஒரு தடவை படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார்.

"இருதயசாமி, இங்க வாங்க. நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க தெரியுமா?"

இருதயசாமி கையிலிருந்த சாக்கு ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நின்றான்.

"நூத்துக்கு மூணரை பங்கு செம்பு. பதினோரு மூட்டை அனுப்பினோம். ஒண்ணுகூட மூணுக்குக் கீழ இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்போதுதான் இருதயசாமிக்கு மூச்சு வந்தது.

சக்கரவர்த்தி நிலவியல் படித்த சர்க்கார் அதிகாரி. முப்பது வயது நிரம்பவில்லை. ஜவ்வாது மலையில் பழைய செம்புச் சுரங்கம் ஒன்று இருப்பதாக யாரோ எழுதிவைத்த குறிப்பை நம்பி, 1958 தை மாதம் ஆறு கூடாரங்களோடு மேலே வந்தவர். குறிப்பு பொய்யில்லை. சரிவு முழுக்கக் செம்பு உருக்கிக் கொட்டிய, கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்புக் கசடு கிடந்தது. அதற்கு மேலே முட்புதருக்குள் ஒரு வாய். குனிந்து நுழைந்தால் இருபத்தைந்து கெஜ நீளத்துக்கு ஒரு கூடம். வெட்டியவர்கள் யார், எந்தக் காலத்தவர் என்று மலையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிடி கட்டுவதற்காக நடுவில் பள்ளம் செதுக்கிய கல் சம்மட்டிகள் மட்டும் அங்கங்கே கிடந்தன.

இருதயசாமி மாதிரிக் கல் எடுப்பவன். பாறையில் நாலு விரல் அகலத்துக்குக் கோடு வெட்டி, விழுகிற சில்லையும் தூளையும் சிந்தாமல் சாக்கில் பிடித்து, எண் எழுதிய தகரத்தை உள்ளே போட்டுத் தைக்க வேண்டும். ஏழு வருஷமாக இதுதான் வேலை. ஏழு வருஷமும் தற்காலிகம். முகாம் கலைந்தால் வேலை கலையும். அடுத்த முகாம் போட்டால் சொல்லி அனுப்புவார்கள். மனைவி கிருபாவதி போளூரில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருஷம் தேறாது.

"இங்க பத்து வருஷத்துக்கு வேலை இருக்கும்," என்றார் சக்கரவர்த்தி. "உங்க பேரை நிரந்தரத்துக்கு எழுதப் போறேன். ரோடு போடுவாங்க, குவார்ட்டர்ஸ் கட்டுவாங்க. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."

அன்று மத்தியானமே இருதயசாமி கிருபாவதிக்கு எழுதினான். அவன் எழுதிய கடிதங்களில் அதுதான் நீளமானது. ஒரு முழுப் பக்கம். சந்தைக்கு இறங்கிய சடையனிடம் கொடுத்தபோது அவன் கடிதத்தை முகர்ந்து பார்த்தான். சடையன் மலைக்காரன், முகாமில் சம்மட்டி அடிப்பவன். யாரையும் நீ என்றுதான் பேசுவான், சக்கரவர்த்தியைக்கூட.

"இன்னா மேஸ்திரி, உள்ள மல்லிப்பூ வெச்சிக்கிறியா?"

"போய்யா. வழியில எங்கியாவது வுட்டுட்டு வராத."

கடிதத்தில் ஒரு விஷயத்தை இருதயசாமி எழுதவில்லை. சக்கரவர்த்தியிடமும் சொன்னதில்லை.

மாதிரி எடுக்க விதி இது: சுவரில் இரண்டு கெஜத்துக்கு ஒரு கோடு. நல்ல இடம், மோசமான இடம் என்று பார்க்கக் கூடாது. அளவு நாடா எங்கே நிற்கிறதோ அங்கே வெட்ட வேண்டும். மாசியில் அந்த வேலை தொடங்கிய வாரம் சக்கரவர்த்தி குளிர்ஜுரத்தில் கிடந்தார். இருதயசாமியும் சடையனும் மட்டும் உள்ளே போனார்கள். சுவர் முழுக்கக் கரி. பழைய ஆட்கள் பாறையை ஒட்டி விறகு அடுக்கி எரித்து, சூடேறியதும் தண்ணீர் அடித்துப் பிளந்து, அப்புறம்தான் கல் சம்மட்டியால் தட்டியிருக்கிறார்கள். அந்தப் புகை அடை அடையாகப் படிந்திருந்தது.

சடையன் சுவரைத் தொட்டு விரலைப் பார்த்தான். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"இது அடுப்பு மேஸ்திரி."

"இன்னாது, அடுப்பா?"

"தீ வெச்ச எடம் அடுப்புதான். போறவன் மெழுகிட்டுப் போனா வேற. இவன் அப்டியே போட்டுட்டுப் போய்ட்டான். அடுத்தவன் மெழுகாத அடுப்ப நாங்க இடிக்க மாட்டோம்."

சடையன் ஊரில் வீட்டை விட்டுப் போகிறவர்கள் கடைசியாக அடுப்பைச் சாணி போட்டு மெழுகிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். மெழுகாத அடுப்பென்றால் ஆள் திரும்பி வருவான் என்று அர்த்தம்.

"அவன் செத்து எத்தினி காலம் ஆச்சிய்யா!"

"உனுக்கு ஆள் அனுப்பிச் சொன்னானா?"

இருதயசாமிக்கும் அந்தக் கரியைச் சுரண்ட ஆசையில்லை. மூக்கில் ஏறி இரண்டு நாள் இருமவைக்கும். கூடத்தின் நடுவே, கூரையைத் தாங்கி, ஒரே வரிசையாகத் தூண்கள் நின்றன. கட்டிய தூண்கள் அல்ல. சுற்றிலும் வெட்டி எடுத்தபோது விட்டுவைத்த பாறை. மேலிருந்து நீர் கசிந்து அவற்றின் கரியைக் கழுவி, செம்புக் குடத்தில் ஏறும் களிம்புபோல் பச்சை பூத்திருந்தது. எண்ணினான். பதினொன்று. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இரண்டு கெஜம்.

தூணுக்கு ஒரு கோடாக வெட்டினார்கள். மூன்று நாளில் முடிந்தது. நோட்டில் 'சுவர், இரண்டு கெஜம். சுவர், நான்கு கெஜம்' என்று விதிப்படி எழுதினான். ஈஸ்டருக்கு முன் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது அதைச் சொல்லலாமா என்று யோசித்தான். பத்துக் கட்டளைகளில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. விட்டுவிட்டான்.

அடுத்த புதன்கிழமை கிருபாவதியின் பதில் வந்தது. 'அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அண்ணி எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அந்த வீட்டுக்கு இரண்டு ஜன்னல் இருக்குமா என்று கேட்டு எழுதவும்.'

கேட்டான். "நாலு வெக்கச் சொல்லிடுவோம்," என்றார் சக்கரவர்த்தி. அவர் கையில் இன்னொரு கவர் இருந்தது. கோடு வெட்டி எடுத்தது போதாது. அதே பதினோரு இடங்களிலிருந்து மொத்தமாக ஒரு டன் கல் வேண்டும் என்று மேலிடம் எழுதியிருந்தது. உருக்கிப் பார்ப்பார்கள். "ஓரடி ஆழத்துக்கு வெட்டினா வந்துடும். நான் மேல வரைபடத்தை முடிக்கணும். நீங்க ஆள் வெச்சு ஆரம்பிச்சுடுங்க."

மறுநாள் காலை சடையன் தன் ஊரிலிருந்து பதினாலு பேரைக் கூட்டி வந்தான். அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, இடம் குறிக்க இருவரும் லாந்தரோடு உள்ளே போனார்கள். மூன்றாவது தூணில் பழைய கோட்டின் மேல் சடையன் உளியை வைத்தான். வெளிச்சம் காட்ட இருதயசாமி லாந்தரைத் தூக்கிப் பிடித்தான். வெளிச்சம் தூணைத் தாண்டிக் கூரைக்குப் போயிற்று. கூரையில் ஒரு விரிசல். விரல் நுழையும். மூன்றாவது தூணிலிருந்து நான்காவதுக்கு, அங்கிருந்து ஐந்தாவதுக்கு ஓடியது.

"கொஞ்சம் இரு."

"இன்னா?"

"ஓரடி ஆழம் வெட்டினா இதுல இன்னா மிஞ்சும்?"

சடையன் தூணை இரு கையாலும் கட்டிப் பார்த்தான். "என் பொண்டாட்டி இடுப்பு அளவுக்கு மிஞ்சும்."

"வசந்தி இடுப்பு மலைய தாங்குமா?"

"என்னையே தாங்குதே."

இருதயசாமி சிரிக்கவில்லை. உளியை வாங்கிக்கொண்டு சுவருக்குப் போனான். சடையன் தடுக்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான். கரி இரண்டு விரல் கனம் இருந்தது. அதற்கடியில் வெள்ளைக் கல். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. இரண்டு கெஜம் தள்ளிச் சுரண்டினான். வெள்ளை. எதிர்ச் சுவர், அதுவும் வெள்ளை. ஐந்து இடம் பார்த்துவிட்டு, கறுத்த கையோடு தரையில் உட்கார்ந்தான்.

பச்சை போன வழியெல்லாம் பழைய ஆட்கள் போயிருக்கிறார்கள். அது தீர்ந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். மிச்சம் இருந்தது பதினோரு இடத்தில்தான். அதுவும் கண்ணில் படாமல் மிஞ்சியதல்ல.

"எல்லாத்தியும் வழிச்சி எடுத்துட்டானுங்க," என்றான் சடையன், திரும்பாமல். "இத மட்டும் ஏன் வுட்டானுங்க?"

"தலையில வுழக் கூடாதுன்னு."

"அப்ப நாம மெட்ராஸுக்கு மூட்ட கட்டி அனுப்பினது?"

"அவன் கூரைக்கு முட்டு குடுத்தத."

சடையன் இப்போது திரும்பினான். "அப்ப ரோடு வராதா மேஸ்திரி?"

இருதயசாமிக்குள் வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. தூண்களுக்குப் பக்கத்தில் மரம் முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டலாம். ஆள் யாரும் சாக மாட்டார்கள். ஒரு டன்னும் நல்ல கல்லாகவே போகும். மலைக்குள் வேறு செம்பு இல்லை என்று கண்டுபிடிக்க மேலிடத்துக்கு ஒரு வருஷமாவது ஆகும். அதற்குள் நிரந்தர உத்தரவு வந்துவிடும். வந்த உத்தரவை யாரும் திருப்பி வாங்குவதில்லை.

வெளியே வந்து ஆட்களை அன்றைக்குப் போகச் சொன்னான். முகாமை நோக்கி நடந்தான். சரிவில் கசடு காலுக்கடியில் நொறுங்கியது. சக்கரவர்த்தி வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"சார், கூரையில விரிசல் இருக்குது. தூணுக்கெல்லாம் மரம் முட்டுக் குடுத்துட்டு ஆரம்பிக்கலாம்னு…"

"தூண் எதுக்கு? அதை யார் தொடப் போறா? நாம வெட்டறது சுவரைத்தானே?"

இருதயசாமி வாயைத் திறந்தான். சுவர் என்று நோட்டில் எழுதியிருந்தது. அவன் கையெழுத்து. அதன் மேல் இன்னொரு பொய்யை எங்கே வைப்பது, எப்படி வைத்தால் நிற்கும் என்று பார்த்தான். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டான்.

"சுவத்துல வெட்டல சார். பதினொண்ணும் தூணுல எடுத்தது. சுவத்துல ஒண்ணும் இல்ல. இப்பதான் பாத்தேன்."

சக்கரவர்த்தி பென்சிலைக் கீழே வைத்தார்.

"மூணு மாசம்," என்றார். "மூணு மாசம் கழிச்சுச் சொல்றீங்க. என் கையெழுத்துப் போட்டு மெட்ராஸுக்குப் போயிருக்கு. ஏன்யா அப்பவே சொல்லலை?"

"சடையன் அடுப்புன்னான் சார்."

"எதை?"

"சுவத்த."

முழுக்கவும் சொன்னான். கரியைச் சுரண்ட அவனுக்கே சோம்பலாக இருந்ததையும் சேர்த்துச் சொன்னான். சக்கரவர்த்தி கேட்டு முடித்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகச் சுரங்கத்துக்குப் போனார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. முழங்கை வரை கறுத்திருந்தது.

சென்னைக்கு ஓர் அறிக்கை எழுதி, அதை உரக்கப் படித்தார். தாது தீர்ந்துபோன பழைய சுரங்கம். உள்ளே வெட்டக் கூடாது. தொல்பொருள் துறைக்குத் தெரிவிக்கலாம். மாதிரி எடுத்ததில் ஏற்பட்ட பிழைக்கு அதிகாரி பொறுப்பு.

"உங்க பேரை நிரந்தரத்துலேர்ந்து அடிச்சுட்டேன்."

"சரிங்க சார்."

"ஆடியில கடப்பா பக்கம் முகாம். கூப்பிட்டா வருவீங்களா?"

"வர்றேன் சார்."

"நாடாவைப் பிடிச்சு வெட்டணும்."

"சரிங்க சார்."

சனிக்கிழமை இருதயசாமி போளூருக்கு இறங்கினான். அண்ணன் வீட்டுக் கொல்லையில் கிருபாவதி புளி தட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை நிற்கவில்லை.

"தூணான்னு அவரு கேட்டாரா?"

"கேக்கல."

"கேக்காததுக்கு ஏன் சொல்லணும்?"

ஒரு கொட்டை தெறித்துச் சுவரில் பட்டது.

"நீங்க மல ஏறிப் போய்டுவீங்க. இந்த வூட்டு ஆளுங்க மூஞ்சிய யாரு பாக்கறது? ஊருக்கே சொல்லி வெச்சிக்கிறேன். எதுர் வூட்டு சாந்தம்மாகூட வந்து கேட்டுட்டுப் போனா."

"எழுதியிருக்கக் கூடாது. அவசரப்பட்டுட்டேன்."

"ஆமா."

இன்னும் நாலைந்து கொட்டைகளைத் தட்டினாள். பிறகு கேட்டாள்.

"வெட்டியிருந்தா வுழுந்திருக்குமா?"

"வுழுந்திருக்கும். வுழாமயும் இருந்திருக்கும்."

"உள்ள யாரு இருந்திருப்பா?"

"சடையன். அவன் ஊரு ஆளுங்க."

"நீங்க?"

"நான் இல்லாம சாக்கு யாரு புடிக்கறது?"

கல்லைக் கீழே வைத்துவிட்டு அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் விரல் இடுக்குகளில் இன்னும் கரி இருந்தது. தேய்த்தும் போகவில்லை.

"கடப்பாவுல டென்ட்டு எவ்ளோ பெருசு?"

கையை விரித்துக் காட்டினான். "ஒரு கட்டிலு, ஒரு பெட்டி. அவ்ளோதான்."

"கட்டில வெளிய போட்டுட்டா?"

இருதயசாமி கொல்லைத் தரையைப் பார்த்தான். ஏழு வருஷம் கூடாரத்துக்குள்தான் படுத்திருந்தான். இப்படி அளந்து பார்த்ததில்லை.

"ரெண்டு பாய் போடலாம். நெருக்கமா."

"முகாமுக்கு யாருனா பொண்டாட்டிய கூட்டினு வந்துக்கிறாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல. ஆபீசருகிட்ட கேக்கணும். கேட்டா கூடாதுன்னுதான் சொல்வாரு."

"அப்ப கேக்காதீங்க," என்றாள் கிருபாவதி. "நான் வந்து எறங்கறேன். அப்புறமா என்னாண்ட கேக்கட்டும்."