நாற்பது விநாடி அசையாத கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை என் தம்பியிடமிருந்து பறித்துக்கொண்டேன். அவன் என்னிடம் கதை சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நான் சாப்பிட்டுக் கை கழுவிய நேரம், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்து, "அக்கா, எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தரணும். நீதான் நல்லா எழுதுவியே" என்றான்.

யாருக்கு என்றேன். ஆபீசுக்கு என்றான். என்ன விஷயம் என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டான். விஷயத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முடித்தபோது என் நோட்டில் மூன்று பக்கம் குறிப்பு இருந்தது. லெட்டரில் 'ஐயா' என்ற ஒரே ஒரு சொல் இருந்தது.

"உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும். கதை எழுதுகிறவளிடம் லெட்டர் கேட்டால் இப்படித்தான் ஆகும். அவன் இன்னும் எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் லெட்டர் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்துவிட்டான்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அவள் கை நடுங்கியது. லிவரைப் பிடித்திருந்த விரல்களில் வியர்வை. கண்முன்னே பெட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று உலகமே இருண்டு—

"கை நடுங்கல" என்றான் தம்பி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"கதைக்காகடா."

"கதைக்காகவும் நடுங்கக் கூடாது. நடுங்கியிருந்தா எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கும்."

(இது உங்களுக்குப் புரியவில்லை என்றால் கவலை வேண்டாம். எனக்கும் பாதி கதை கேட்ட பிறகுதான் புரிந்தது.)

தொடக்கம், இரண்டாவது முயற்சி:

யு.எஸ்.பி. என்பது கணினியின் முதுகில் இருக்கும் சின்னச் சதுரப் பொந்து; அதில் எதைச் செருகினாலும் அதை யார் என்று விசாரித்து—

அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3

கிரேன் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சி மையம் அது. நிஜக் கிரேனில் ஏற்றுவதற்கு முன்னால் பயிற்சிக்கு வந்தவர்களை ஓர் அறையில் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மறைத்து ஒரு வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் ஆள் நாற்பது மீட்டர் உயரத்தில் இருப்பார். கீழே கப்பல், கயிற்றின் நுனியில் லாரி அளவு இரும்புப் பெட்டி, எறும்பு போல மனிதர்கள். எல்லாம் பொம்மைதான், ஆனால் முதல்நாள் பலர் நாற்காலியை நிஜமாகவே இறுகப் பிடித்துக்கொள்வார்களாம். நாற்காலியின் இரண்டு பக்கமும் லிவர்கள். லிவரின் கேபிளும் ஹெட்செட்டின் கேபிளும் ஒரு பழைய ஹப்பில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கேபிளாகக் கணினிக்குப் போகும்.

அங்கே கணினிகளைக் கட்டி மேய்ப்பது என் தம்பி. காண்ட்ராக்ட் வேலை, வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பார்கள். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

இனி அவள். கூடப் படிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் 'சிலை'. பன்னிரண்டு வருடம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறாள். தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள், மறுபடி சேர முடியாது. முதல் தேர்வில் பெட்டியைக் கப்பலில் இறக்கும் நேரத்தில் கண்முன் எல்லாம் இருட்டாகிவிட்டது. எட்டு விநாடி கழித்துப் படம் திரும்பி வந்தபோது பெட்டி கப்பலின் விளிம்பில் இடித்திருந்தது. "இருட்டாயிடுச்சு சார்" என்றாள். இரண்டாவது தேர்விலும் அதே இருட்டு, அதே இடி.

ஒவ்வொரு தடவையும் தம்பியைக் கூப்பிட்டார்கள். அவனும் சும்மா இருக்கவில்லை. முன்பக்கப் பொந்துக்கு மின்சாரம் போதாமல் இருக்குமோ என்று பின்பக்கம் மாற்றினான். கேபிள் நீளமாக இருக்கிறதே என்று குட்டைக் கேபிள் போட்டான். கறுப்புப் பொந்திலிருந்து நீலப் பொந்துக்கு மாற்றினான். நீலம் வேகமானதாம். டிரைவரை அழித்துப் புதிதாக ஏற்றினான்.* பக்கத்து அறையிலிருந்து வேறு ஹெட்செட்டைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு தானே நாற்காலியில் உட்கார்ந்து கிரேனை இருபது நிமிடம் ஓட்டுவான். ஒரு கண் சிமிட்டல்கூட இல்லை. 'கருவியில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இரண்டு தடவை.

(* கிரேன் டிரைவர் இல்லை. கணினிக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்தும் நிரல். நானும் முதலில் ஆள் என்றுதான் நினைத்தேன். தம்பி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!)

பயிற்சியாளரை அங்கே மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பயம்தான். வேற ஒண்ணுமில்ல. சிலை மாதிரி உறைஞ்சு போயிடுறே. சும்மா நிக்காதம்மா, கையை ஆட்டிக்கிட்டே இரு."

4

இங்கே நான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. அவளை ஒரு தடவைகூடப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் கையை நடுங்க வைத்தேனே, ஏன்? பெண், தேர்வு, உயரம், தோல்வி. நான்கையும் சேர்த்ததும் பேனா தானாக 'நடுங்கியது' என்று எழுதிவிட்டது. மாஸ்டரும் அதையேதான் செய்தார். என் தம்பியும் அதையேதான் செய்தான். மூன்று பேரும் மூன்று தொழில், ஒரே சோம்பேறித்தனம்.

"நீயும் பயம்னுதான் நெனச்சியாடா?"

"முதல் தடவை அப்படித்தான்க்கா நெனச்சேன்."

"ரெண்டாவது தடவை?"

"ரெண்டாவது தடவையும்." அசடு வழிந்தான். "அப்புறம் மனசு அரிச்சுது. பாவப்பட்டு இல்ல, பொய் சொல்ல மாட்டேன். எல்லார்கிட்டயும் வேலை செய்யுற பொருள் ஒருத்தர்கிட்ட மட்டும் எப்படிக்கா அணையும்? பொருளுக்கு ஆள் தெரியுமா?"

இந்த ஒரு கேள்விக்காக அவனைக் கதையின் நாயகனாக்கலாமா என்று யோசித்தேன். கொஞ்சம் பொறுங்கள், அவன் யோக்கியதை அடுத்த பகுதியில் தெரியும்.

5

நேற்று மாலை, வகுப்பு முடிந்ததும், அவளை இருக்கச் சொன்னான்.

"ஒருவாட்டி ஓட்டிக் காட்டுறீங்களா? நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளும் முன் கேட்டாள்: "எப்படி ஓட்டணும் சார்? நான் ஓட்டுற மாதிரியா, மாஸ்டர் இப்பச் சொல்லிக்கொடுத்த மாதிரியா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"ஆமா சார். மாஸ்டர் கையை ஆட்டிக்கிட்டே இருக்கச் சொன்னாரு. எனக்கு வரல. அதான் வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் பழகுறேன். டிவி பார்க்கும்போது, பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லும்போது, கையை ஆட்டிக்கிட்டே இருக்கேன். இப்பக் கொஞ்சம் வருது."

"உங்க மாதிரியே ஓட்டுங்க."

பெட்டியைத் தூக்கினாள். கப்பலுக்கு மேலே கொண்டுவந்தாள். கயிறு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. லிவரை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கீழே ஆள் இருக்கும்போது சுமையின் ஆட்டம் முழுசாக அடங்காமல் இறக்கக் கூடாது என்பது பன்னிரண்டு வருடம் கிடங்கில் அவளாகக் கற்றுக்கொண்டது. மற்றவர்கள் லிவரை அப்படி இப்படி ஆட்டி ஆட்டியே இறக்கிவிடுவார்கள். அவள் காத்திருந்தாள். திரையில் அதே காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற என் தம்பி மனசுக்குள் எண்ணினான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. பெட்டி அசைவற்று நின்றது. அவள் லிவரை ஒரு விரலால் தொட்டாள். கணினி 'டிங்' என்றது.

"போச்சு சார்" என்றாள். "இருட்டாயிடுச்சு."

அந்த 'டிங்' தம்பிக்குத் தெரிந்த சத்தம்: ஏதாவது கருவி கழன்றாலோ மறுபடி சேர்ந்தாலோ கணினி எழுப்புவது.

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். லிவரை நாற்பது விநாடி தொடாவிட்டால், யாரும் இல்லை போலிருக்கிறது என்று கணினி அதற்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்துத் தூங்க வைத்துவிடும். மறுபடி தொட்டால் எழுப்பும். புது ஹப்பாக இருந்தால் லிவர் மட்டும் எழுந்துகொள்ளும். அந்தப் பழைய ஹப் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, தன்னிடம் செருகியிருக்கும் ஹெட்செட்டையும் சேர்த்து உதறிவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளும். அதற்கு எட்டு விநாடி. என் தம்பி கையில் இது ஒருநாளும் நடக்கவில்லை, நடக்கவும் நடக்காது. பரீட்சை எழுதும்போது காலை ஆட்டி ஆட்டி பெஞ்சையே நகர்த்தியவன் அவன். நாற்பது விநாடி சும்மா இருந்த சரித்திரமே இல்லை.

"அப்போ மெஷின்தானா சார்? நான் இல்லையா?" என்று அவள் கேட்டாள். ஹெட்செட்டைக் கழற்றாமலே கேட்டாளாம்.

"செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றான்.

அவள் போனதும் கணினியின் அமைப்புகளைத் திறந்தான். 'பயன்படுத்தாத கருவிகளை உறங்கவிடு' என்ற வரியின் பக்கத்தில் ஒரு டிக். அந்த டிக் யார் போட்டது? ஆறு மாதத்துக்கு முன் மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லி ஆபீசில் ஒரு சுற்றறிக்கை வந்தது. என் தம்பி ஒரே காலையில் பன்னிரண்டு கணினிகளிலும் வரிசையாக டிக் போட்டான். ஆபீஸ் கணினி எது, கிரேன் நாற்காலிக் கணினி எது என்று பார்க்கவில்லை. சபாஷ் வேறு வாங்கினான்.

டிக்கை எடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தான். வாழ்க்கையிலேயே நீளமான இரண்டு நிமிடம் என்றான். லிவரைத் தொட்டான். இருட்டவில்லை.

அவள் நம்பர் அவன் போனில் இருந்தது. கூப்பிடவில்லை.

6

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு. டிக்கை எடுத்தாயிற்று, கருவி சரியாயிற்று. செவ்வாய்க்கிழமை மூன்றாவது தேர்வு, அவள் தேறிவிடுகிறாள். தம்பியின் இரண்டு கையெழுத்தும் கோப்புக்குள் நிம்மதியாக இருக்கின்றன. காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படுகிறது. எல்லோருக்கும் சுபம்.

இதைத்தான் தம்பி நேற்று இரவு முழுவதும் மனசுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறான். என்னிடம் வந்ததற்குக் காரணம், அவனுக்கே அது செரிக்கவில்லை.

இரண்டாவது முடிவு. லெட்டர் போகிறது. இரண்டு தோல்விகளும் ரத்தாகின்றன. மாஸ்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். (இல்லை, மாஸ்டர் கேட்கமாட்டார். அடித்துவிடுங்கள்.) தம்பிக்கு வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். அவனுக்கு வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது என்பதை நான் இதுவரை சொல்லவில்லை, இல்லையா? சொல்லியிருந்தால் நீங்கள் அவன் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள் என்று மறைத்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

மூன்றாவது முடிவு. முதல் முடிவேதான், ஆனால் அங்கே நிற்காமல் மேலே போகிறது. யாரும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. கையை ஆட்டிக்கொண்டே ஓட்டித் தேறியதால், தேறியது கையை ஆட்டியதால்தான் என்று நம்பிவிடுகிறாள். நிஜக் கிரேனில் ஏறுகிறாள். இந்தத் தடவை இரும்பு நிஜ இரும்பு. பெட்டி ஆடிக்கொண்டிருக்கிறது. முன்பென்றால் மடியில் கை வைத்துக் காத்திருப்பாள். இப்போது காத்திருக்கப் பயம். லிவரை ஆட்டுகிறாள். கீழே நின்ற நான்கு பேர் நிமிர்ந்து பார்த்தபோது—

இதை எழுத என்னால் முடியாது. எழுதிய வரைக்கும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவன் காலை ஆட்டுவதை நிறுத்தினான்.

7

லெட்டரை எழுதிவிட்டேன். நான்கே வரி. படித்துப் பார்த்தவன், "நான்தான் டிக் போட்டேன்னு எழுதணுமாக்கா? யாரோ மாத்தியிருக்காங்கன்னு போட்டா போதாதா?" என்று இழுத்தான்.

"அதை நாளைக்குப் பேசலாம். ஆபீஸ் நாளைக்குத்தானே திறக்கும்? அவங்க இன்னைக்கும் வீட்டுல கையை ஆட்டிப் பழகிக்கிட்டுத்தானே இருப்பாங்க. முதல்ல போனைப் போடு."

"என்னன்னு சொல்லுவேன்?"

"என்கிட்டச் சொன்னதைச் சொல்லு. என்கிட்ட ஒன்றரை மணி நேரம் பேசினியே."

"நீ அக்கா. திட்டினாலும் காபி போட்டுக் கொடுப்ப." போனை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. போனை வாங்கி நானே அழைத்து, ஒலியைக் கூட்டி, இருவருக்கும் நடுவே மேசைமேல் வைத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க சார். செக் பண்ணிட்டீங்களா?"

அவள் குரலை இப்போதுதான் முதல்முறை கேட்கிறேன். நான் எழுதிய எந்த வரிக்கும் பொருந்தாத, நிதானமான குரல். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தமும் கேட்டது. டக், டக், டக். ஏதோ ஒரு மேசையை விரலால் தட்டிக்கொண்டேயிருக்கிற சத்தம். தட்டுவது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். தம்பி என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

அவன் வாயைத் திறக்கிறான். அவன் என்ன சொன்னான் என்பதை நான் எழுதப்போவதில்லை. தம்பி என்பதால் நல்லதாக எழுதிவிடுவேன், என் கைமேல் எனக்கே நம்பிக்கை இல்லை. விஷயம் முழுவதும் இப்போது உங்களுக்கும் தெரியும். போனை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.