அண்ணன் பக்கத்து நீலம்

குன்னத்தில் மணிவேலும் அவனுடைய அண்ணன் வீரமுத்துவும் பாகம் பிரித்துக்கொண்டபோது கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. செலவுக்குப் பயந்து அதை ஆளுயரத்தோடு நிறுத்திவிட்டார்கள். போர்வெல் யாருக்கு என்பதில் வாய்ச்சண்டை முற்றிப்போய், பேச்சும் அத்தோடு நின்றது. பிறகு அண்ணன் தன் பாதிக்கு நீலம் அடித்தார். இந்தப் பக்கம் நின்றாலே நடுச்சுவருக்கு மேலே அது தெரியும்.

இப்போது மணிவேலின் மகள் சுவாதியைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலிருந்து வருகிறார்கள். பெரியப்பா அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? மணிவேலுக்கு அதுதான் கவலை. நேரே போய்க் கூப்பிட ரோஷம் விடவில்லை. அண்ணன் அடித்த நீலத்தையே தானும் அடித்தால் அவருக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தான். வாயைத் திறந்தால் தீர்கிற விஷயத்துக்கு மனிதன் பெயிண்ட் வாங்கக் கிளம்பினான்.

பெரம்பலூர் கடையில் ஷேட் கார்டை விரித்தார்கள். அண்ணன் வாசலில் கிடந்த காலி பக்கெட்டைப் பார்த்து, எந்த நம்பர் என்று தெரிந்துவைத்திருந்தான். அதற்கு அடுத்த கட்டத்தில் இன்னொரு நீலம், ஒரு சொட்டுப் பால் கலந்த மாதிரி. அவன் மனைவி மணிமொழி அதில் விரலை வைத்தாள்.

“இதையே எடுங்க. அவங்க அடிச்சதையே அடிச்சா, காப்பியடிச்சுட்டாங்கன்னு ஒங்க அண்ணி தெருவெல்லாம் சொல்லும்.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

“அப்ப இத எடுக்க வேண்டியதுதானே?”

மணிவேல் தலையை ஆட்டிவைத்தான். அவள் போன் பேச வெளியே போன சமயம் பார்த்து அண்ணன் நம்பரையே கலக்கச் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை சுவர் காய்ந்ததும் மணிவேல் தள்ளி நின்று பார்த்தான். அண்ணனுடைய பாதி, ஜன்னல் வெயிலில் வெளுத்திருந்தது. இவன் பாதி அழுத்தமாக, வேறு நீலமாக நின்றது. மணிமொழி காட்டியதை அடித்திருந்தால் அச்சாகப் பொருந்தியிருக்கும். அவளோ தான் கேட்டதே வந்திருக்கிறது என்று திருப்தியாக இருந்தாள்.

அந்தப் பக்கம் அண்ணன் தன் மனைவியிடம் சொல்வது கேட்டது.

“பாத்தியா? செவுத்துல கூட நம்மளோட ஒட்டக் கூடாதுன்னு வேற கலரா தேடிப் புடிச்சிருக்கான்.”

மணிவேலுக்கு ரோஷமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அண்ணே, அது ஒங்க நம்பர்தாண்ணே! ஒங்களுதுதான் வெளுத்துப்போச்சு!”

மணிமொழி அவனை முறைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் கேட்டார்.

“மிச்சம் இருக்கா?”

“அரை பக்கெட் இருக்குண்ணே.”

“எடுத்துக்கிட்டு வாடா. நம்ம பொண்ண பாக்க வர்றவங்களுக்குச் செவுரு ரெண்டு கலராவா தெரியணும்?”