சூட்டுக்கோலுக்கு எதிராக ஒரு பாட்டு

...அந்தக் கிழவியின் கழுத்தை நெரித்துப் போட்டுவிடலாம், இந்தக் கல்யாணப் பந்தலிலேயே, எல்லாப் பெண்களும் பார்க்க, ஆனால் முரசு என் மடியில் இருக்கிறது, முரசு வைத்திருப்பவள் பாட்டால்தான் அடிக்க வேண்டும், சோமாலி நாட்டில் எங்கள் புராவ் ஊர்ப் பெண்களின் வழக்கம் அது... தாஹபோ, என் தங்கை ஹோதானின் மாமியார், நாளைக் காலை சூடு போடுகிறவனை வரச் சொல்லியிருக்கிறாள், பழுக்கக் காய்ச்சிய இரும்பை என் தங்கையின் மார்பில் வைத்து அழுத்தினால் கட்டி கருகிவிடுமாம், யாருடைய சதையடி அது, உன்னுடையதா? சதை பொசுங்கும் நாற்றம் இப்போதே மூக்கில் ஏறுகிறது, இத்தனை தூபப் புகையிலும். ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் வந்து கெஞ்சினாள், "மார்ல கட்டின்னா ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு நாங்க மைக்ல கத்துனா ஒருத்தியும் காதுல வாங்கல, நீ பாடுனா ஊரே மனப்பாடம் பண்ணும், பாடு ஷுக்ரி." பாடினேன், முரசுத் தோல் கிழியட்டும் என்று அறைந்து அறைந்து பாடினேன், எல்லா அடியும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டுமே, 'க' எடுத்தேன்.

கல்லு முளைக்குது மாருக்குள்ளே, கையால தொட்டுப்பார் கண்ணாட்டி,
கனலு பட்டா அது கரையாது, காரேறி வைத்தியம் பாரடி நீ!

பந்தலில் பாதிப் பேர் முக்காட்டை இழுத்து வாயை மூடினார்கள், மார் என்ற சொல்லைச் சபையில் யார் சொன்னார்கள் இதுவரை... ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தாஹபோ எழுந்தாள், தன் போர்வையைப் பிடுங்கி எறிந்தாள், "அத்தை, மூடுங்க, மூடுங்க" என்று யாரோ அலற அலறத் திறந்து காட்டினாள், இடது மார்பு இருந்த இடத்தில் சுருங்கிக் கறுத்த தழும்பு, அதே 'க'வில் திருப்பி அடித்தாள்.

கனல் தொட்ட மாரிது, காணுங்கடி! கத்தி தொட்டவ எங்கே, காட்டுங்கடி!

குலவை கிளம்பியது. "வாய அடைச்சுட்டாடி கிழவி!" கத்தி தொட்டவள் ராஹோ, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவள், பிணமாய்த் துணி சுற்றித் திரும்பி வந்தாள், ஊருக்கே தெரியும். கிழவி, உனக்கு வந்தது வெறும் பால்கட்டு, என் தங்கைக்கு வந்திருப்பது வேறு, புற்றாக இருக்கும் என்று நர்ஸம்மா தொட்டுப் பார்த்துச் சொன்னதை எந்த அடியில் அடைப்பேன், நல்ல பாட்டு எதுவோ அதுதானே இங்கே உண்மை, பாழாய்ப்போன என் கைகள் அவள் பாட்டுக்கே தாளம் போட்டுக்கொண்டிருக்கின்றன, வெட்டிப் போட்டால் என்ன இந்தக் கைகளை...

நல்ல பாட்டுக்குப் பெண்கள் எழுந்து ஆடுவார்கள், ஆடுகிறார்கள், நடுவில் ஹோதான், என் ஹோதான், மாமியார் பாட்டுக்கு ஆடுகிறாள், பாவி, உன்னை முடியைப் பிடித்து இழுத்துக் காரில் போட வேண்டும்... எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிச் சுழற்றுகிறார்கள், அவள் வலது கையை மட்டும். இடது கை தோளுக்கு மேலே போகவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எத்தனை நாளாக இப்படி? நர்ஸிடம் கேட்டேன், ஊருக்குப் பாடினேன், கிழவியோடு மல்லுக்கு நின்றேன், இவளிடம், வலிக்கிறதாடி, உனக்கு என்னடி வேண்டும் என்று ஒரு வார்த்தை... பதிலடி நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, கிழவியைச் சாய்த்துவிடும் அடி, முரசை வைத்துவிட்டு எழுந்து போனால் தோற்றவள் ஆவேன், ஹோதான் என்னைப் பார்க்கிறாள், என் கை இன்னும் முரசுத் தோலின் மேல்தான் இருக்கிறது.