மூன்று முறை வந்த பேராசிரியை

புள்ளியியல் பேராசிரியை முப்பது வருடமாக ஒரே வித்தையைத்தான் ஆராய்ந்தார், அதையேதான் சொல்லிக்கொடுத்தார். கையிலிருக்கும் கொஞ்சத் தரவையே சீட்டில் எழுதித் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து, கிடைத்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பது. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். ஆகவே சில சீட்டு இரண்டு முறை வரும், சில வராமலே போகும். கணினி அதைக் கண்மூடித் திறப்பதற்குள் லட்சம் தடவை செய்துவிடும்; வகுப்பிலோ அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார். மாணவர்கள் வைத்த பெயர் 'டப்பா மேடம்'.

அந்த மாணவர்களில் ஒருவர் வளர்ந்து அவருக்கே துறைத்தலைவராக வந்து சேர்ந்தார். வகுப்பில் பாதி நேரம் தூங்கியவர். அரைகுறையாகக் காதில் விழுந்ததை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். துறையை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய வேண்டுமானால் துறையையே குலுக்கிப் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். பதினொரு ஆசிரியர்களின் பெயரையும் சீட்டில் எழுதி, பதினொரு முறை எடுத்தார்கள். பேராசிரியையின் பெயர் மூன்று முறை வந்தது. அதே துறையில் வடிவியல் நடத்திய அவர் கணவரின் பெயர் வரவேயில்லை.

மறுநாள் வாசலிலேயே காவலாளி கணவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மனிதர் முகத்தில் வருத்தத்தைத் தேடினாலும் கிடைக்கவில்லை. பேராசிரியைக்கோ மூன்று அறை, மூன்று சாவி, பத்து மணிக்கு ஒரே நேரத்தில் மூன்று வகுப்பு. ஒன்றில் கணக்கை எழுதிப் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடினார். நாக்குத் தள்ளிவிட்டது. துறைத்தலைவரிடம் போய் நின்றார்.

"நான் ஒருத்திதானே?"

"அது போன செமஸ்டர், மேடம். இப்ப நீங்க மூணு பேரு. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே இது?"

பேராசிரியை மூன்று சாவியையும் எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓடினார்.

இந்தக் குலுக்கலைத் தொடரலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. தன் மூன்று வாக்கையும் ஒரே பக்கம் போட்டால் நியாயமில்லை என்று, இரண்டை எதிராகவும் ஒன்றை ஆதரவாகவும் போட்டார். ஆறுக்கு ஐந்து என்று தீர்மானம் நிறைவேறியது.

பருவ முடிவில் மூன்று பேராசிரியைகளுக்கும் தனித்தனியாக மாணவர்களின் கருத்துப் படிவங்கள் வந்தன. முதலாமவர் சுமார். இரண்டாமவர் துறையிலேயே சிறந்த ஆசிரியர். மூன்றாமவர்மேல் ஏகப்பட்ட புகார். மூன்றாமவரை விசாரிக்கும் பொறுப்பு, வழக்கப்படி, சிறந்த ஆசிரியருக்குப் போனது. பேராசிரியை கேள்விகளை எழுதினார், பதிலும் எழுதினார். பதில் திருப்தியாக இல்லை என்றும் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏங்க, அவகிட்ட எனக்கு இல்லாதது அப்படி என்ன இருக்கு?"

"யாருகிட்ட?"

"அதான், ரெண்டாவது ஆளுகிட்ட."

கணவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்த ரூம்ல ஃபேன் ஓடுது. வேற ஒண்ணும் இல்ல."

அதைக் கேட்டபின்தான் பேராசிரியை சாப்பிட்டார்.

அடுத்த குலுக்கலில் அவர் பெயர் வரவில்லை. கணவருடையது நான்கு முறை வந்தது. கணவர் செருப்பை மாட்டியபோது, பள்ளிக்கூடத்துக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்படும் பிள்ளையைப்போல இருந்தார். பேராசிரியை கதவைச் சாத்திவிட்டு, ஒன்பது வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஆய்வுக்கட்டுரையை ஒரே மூச்சில் முடித்தார். தன் முறையை எங்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் பொருள். ஆய்விதழ், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டது. 'இந்தப் பருவத்தில் எங்கும் இல்லை' என்று நிரப்பி அனுப்பினார். கட்டுரை அப்படியே அச்சாகி வந்தது.