முடியோடு விழுந்த இலை

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து கடை போட்டால் உருப்படாது என்று சொன்னவர்கள் எல்லாரும் இப்போது அவர்களிடம்தான் முடி வெட்டிக்கொள்ள வருகிறார்கள். நாத்தனாருக்கு நாற்பது தாண்டிவிட்டது. அண்ணி வாயில் மட்டும் இன்னமும் அவள் ‘குட்டி’தான். கத்தரியைப் பிடித்தால் கை நடுங்காது, வாய் ஓயாது.

கடையில் மூன்றாவது ஆள் மூட்டை, அண்ணியின் நாய். அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனபிறகு, வீட்டில் அண்ணிக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான்.

குட்டி மணி பிளான்ட் வாங்கி வந்த அன்றே அண்ணி கேட்டாள். “நாய் இருக்கிற இடம்டி. இது ஆகுமா?”

“ஆகாதுதான் அண்ணி. தின்னா வாயெல்லாம் எரியுமாம். அதான் கண்ணாடிக்கு மேல தொங்க விடறேன். மூட்டைக்கு றெக்கை முளைச்சாத்தான் எட்டும்.”

“அது தரையை விட்டு எழுந்திரிச்சாலே பெரிய விஷயம்” என்று அண்ணியும் சிரித்துவிட்டாள்.

கொடி மளமளவென்று இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணாடியில் பச்சை மீசை வைத்தது. ஆள் வராத ஒரு மத்தியானம், குட்டி அதைச் சீப்பால் ஒதுக்கிப் பிடித்தாள். “சாருக்கு எவ்வளவு குறைக்கணும்? நுனி மட்டும் போதுமா?” என்று செடியிடம் கேட்டுக்கொண்டே கத்தரித்தாள்.

முடி வெட்டுகிறவர்கள் வெட்டியதைக் குனிந்து பொறுக்குவார்களா? விழுந்தது விழட்டும், வேலை முடிந்ததும் மொத்தமாகப் பெருக்கிக்கொள்ளலாம் என்பதுதான் கைப்பழக்கம். இலைகளும் காலையில் விழுந்த முடியின்மேல் விழுந்தன. அதற்குள் ஒருவர் வந்து உட்கார, அவர் முடியும் அவற்றின்மேல் விழுந்து மூடியது.

அவர் கிளம்பின சற்று நேரத்தில், மூட்டை முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்க்க ஆரம்பித்தது. வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக ஒழுகியது.

“ஐயோ, டையை நக்கிடுச்சுடி!” அண்ணி அலறினாள். முடிக்கு அடிக்கிற டை கலந்த கிண்ணம் தலை அலசும் தொட்டிக்குப் பக்கத்தில், கீழேதான் இருந்தது.

குட்டி நிமிர்ந்து பார்த்தாள். செடி அதன் இடத்தில் சமர்த்தாகத் தொங்கியது. “ஆமா அண்ணி, டையாத்தான் இருக்கணும். தூக்குங்க, டாக்டர்கிட்ட ஓடுவோம்.”

மூட்டையைத் தூக்கக் குனிந்த அண்ணியின் கால் பட்டு முடிக்குவியல் சரிந்தது. உள்ளே பாதி கடித்த இலை ஒன்று. கடித்த ஓரத்தில் பல் தடம் அப்படியே இருந்தது. குட்டி அதைக் கையில் எடுத்தாள். யோசித்து நிற்கிற நேரமா அது?

“அண்ணி, டை இல்ல. செடி. நான் வெட்டிப் போட்டதைத் தின்னுருக்கு.”

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு பேருமாக ஈரத்துணியால் மூட்டையின் வாயைத் துடைத்தார்கள். குட்டி இலையைப் பையில் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. டைன்னு சொல்லியிருந்தா வைத்தியமே வேற. இதுல கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா துகள் இருக்கு. அது குத்தறதுதான் எரிச்சல். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்ல. தொண்டை வீங்குதா, மூச்சு திணறுதான்னு மட்டும் பார்க்கணும். கொஞ்ச நேரம் வெளியில உட்காருங்க.”

வெளியே பெஞ்சில் அண்ணி மடியில் மூட்டை. பக்கத்தில் குட்டி.

“திட்டிடுங்க அண்ணி. நீங்க பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு.”

“திட்டத்தான் போறேன். மொதல்ல அது வாயை மூடட்டும். அப்புறம் நான் தொறக்கறேன்.”

குட்டி மூட்டையின் விலாவில் கை வைத்து மூச்சைப் பார்த்தபடியே இருந்தாள். எச்சில் குறைந்தது. மூச்சு சீராகவே ஓடியது. டாக்டரம்மா கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். மூட்டை முதலில் முகர்ந்து பார்த்தது, பிறகு சளப் சளப்பென்று குடித்தது, வாயை மூடிக்கொண்டு அண்ணியின் கை இடுக்கில் தலையைச் செருகியது.

“தொண்டை நல்லா இருக்கு. கூட்டிட்டுப் போங்க” என்றார் டாக்டரம்மா.

தெருவில் இறங்கியதும் அண்ணி வாயைத் திறந்தாள்.

“ஏண்டி, உசரத்துல வச்சா எட்டாதுன்னு எவ்வளவு பெருமையா சொன்னே!”

“அதுக்கு எங்கே எட்டுச்சு அண்ணி? நான்தானே எறக்கிக் கொடுத்தேன்.”

“பேச்சைப் பாரு, பேச்சை! செடி நாளைக்கே நாயில்லாத வீட்டுக்குப் போகணும்.”

“இன்னைக்கே போகும். கொண்டாங்க, நான் தூக்கறேன்.”

அண்ணி ஒரு கணம் தயங்கினாள். பிறகு மூட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தாள்.